தண்ணீர் நிற்காத குழி

ஏசுபாதத்துக்கு ஒரு கர்வம் இருந்தது. குழி வெட்டுகிறவருக்கு என்ன பெரிய கர்வம் என்று யாராவது கேட்டால், அவர்கள் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு சாவுக்கு வந்ததில்லை என்று அர்த்தம். அங்கே இரண்டடி தோண்டினால் சேறு. மூன்றாவது அடியில் ஊற்று கண்ணைத் திறந்துவிடும். நாலாவது அடிக்கு மண்வெட்டி இறங்கும்போது வெட்டுகிறவருக்கு முழங்கால் வரை தண்ணீர். சதுப்பு ஓரத்து நிலம் பின்னே எப்படி இருக்கும்? எந்தக் காலத்திலோ எவரோ ஒரு மகராசன் அந்த இடத்தைச் சபைக்குச் சும்மா எழுதிக் கொடுத்தார், சபையும் அதைக் கல்லறைத் தோட்டமாக்கிக்கொண்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்?

அந்த மண்ணில் ஏசுபாதம் இருபத்திரண்டு வருஷமாகக் குழி வெட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டிகூடத் தண்ணீருக்குள் இறங்கியதில்லை. மற்ற கல்லறைகளில் மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். தன் இடத்தைப் பற்றி மட்டும் பேசுவார். "நம்ம குழியில தண்ணி நிக்காது சார், கவலப்படாம போங்க" என்று செத்தவர் வீட்டாரிடம், மேடவாக்கத்தில் ஃப்ளாட் விற்கிறவர்கள் மாதிரி சொல்லி அனுப்புவார்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். குழியின் கால்மாட்டில் ஒரு மூலையை மட்டும் இன்னும் ஒன்றரை அடி ஆழமாக வெட்டுவார். ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி ஒன்றுக்குச் சாக்கு சுற்றி அந்த மூலையில் இறக்குவார். பம்ப்பின் குழாய் வாளிக்குள் போகும். ஊறுகிற தண்ணீரெல்லாம் அந்த மூலைக்கு வடிந்து வர, பம்ப் அதை இழுத்து வேலிக்கு வெளியே துப்பிக்கொண்டே இருக்கும். பெட்டி கயிற்றில் தொங்கி நிற்கும்போதுதான் வாளியை உருவுவார். கூட வெட்டுகிற ஜெயவேலு அந்தப் பள்ளத்தில் நாலு கூடை மண்ணைக் கொட்டுவான். ஜெயவேலுவுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது, ஆனாலும் அண்ணன் சொன்னால் சொன்னதுதான், எதிர்க் கேள்வி கிடையாது.

பம்ப் என்றால் சின்னப் பெட்ரோல் எஞ்சின், இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற அளவு. சபை வாங்கிக் கொடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, அதற்குமுன் வாடகைப் பம்ப். எஞ்சினின் தண்டு வெளியே வந்து பம்ப்பைச் சுழற்றுகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள். அதன் உள்வட்டத்தில் மெல்லிய உதடு, உதட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங். அந்த உதடு தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும்வரை எஞ்சினுக்குள் ஆயில் நிற்கும். உதடு போனால் ஆயில் போகும், ஆயில் போனால் எஞ்சின் இறுகிப் போகும். ஏசுபாதம் அதை இரண்டு தடவை தானே மாற்றியிருக்கிறார், மெக்கானிக்கைக் கூப்பிட்டதில்லை.

அந்த வருஷம் ஆடியிலேயே சீல் கசிய ஆரம்பித்தது. மாற்றியிருக்கவேண்டும், மாற்றவில்லை. காரணம் அவர் மனைவி காந்திமதி. ஆடியில்தான் அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல், ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் புற்று என்றார்கள். ஆவணியில் ஈரல்வரை போய்விட்டது என்றார்கள். மேடவாக்கம் அடுக்குமாடிகளில் நாலு வீட்டுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து, சொந்த வீட்டிலும் உட்காராத பெண், கட்டிலோடு ஒட்டிப்போனாள். பிள்ளை குட்டி கிடையாது. அவரேதான் அவளுக்குக் கஞ்சி, அவரேதான் துணி. அதற்கு நடுவே குழி வேலை வந்தால் பம்ப்பில் ஆயிலை ஊற்றுவார், ஓட்டுவார், மறுபடியும் ஊற்றுவார்.

"மழ வரதுக்குள்ள அந்தச் சீல மாத்து" என்பாள் அவள் படுத்தபடி. சட்டையில் ஆயில் வாடையைப் பிடித்துவிடுவாள்.

"மாத்தறேன், மாத்தறேன்."

"ஊருக்கெல்லாம் சொல்ற பல்லி கழுநீர்த் தொட்டியில வுழுந்துச்சாம். அப்டி ஆயிடப் போவுது."

அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். சாதாரண பயமில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூர் தாய்வீட்டில் மாட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பத்து மணி நேரம் நின்றவள். மறுநாள் படகில் கொண்டுவந்தபோது கம்பியைப் பிடித்திருந்த விரல்களை விரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மழை பலத்தால் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள், தரையில் கால் வைக்கமாட்டாள். அவள் பிறந்த வீட்டில் செத்தவர்களை எரிப்பார்கள். ஏசுபாதத்தைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவள் அவள். புதைப்பதைப் பற்றி அவளுக்கு இருபது வருஷமாக ஒரு சந்தேகமும் வந்ததில்லை, படுக்கையில் விழுந்தபிறகுதான் வந்தது.

ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நா மழைல தான்யா போவேன், எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னத் தண்ணியில மட்டும் போட்டுடாத."

"யாராண்ட வந்து இன்னா கேக்கற நீ?" என்றார் அவர். கோபம்கூட வந்தது. "இத்தினி வருசமா நா அங்க இன்னா வேல செஞ்சிகினு கீறேன்? சத்தியமா சொல்றேன், உன் மேல ஒரு சொட்டு படாது."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன, அவர் அந்த விஷயத்தில் பொய் சொன்னதே கிடையாது.

கார்த்திகை இரண்டாம் வாரம் கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள், நாலு நாள் மழை என்றார்கள். வியாழக்கிழமை காலை வேறொரு அடக்கம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீல் மொத்தமாகக் கிழிந்து, ஊற்றிய ஆயில் அத்தனையும் அடிவழியே கொட்டிவிட்டது. நல்லவேளை, உடனே நிறுத்திவிட்டார், அந்தப் பெட்டியும் எப்படியோ காய்ந்த தரையில் இறங்கிவிட்டது. சேற்றுக் காலோடு அவர் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. காந்திமதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை. மழை விட்டபாடில்லை. வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி, அதற்குள் அவள். கரண்ட் போய்ப் போய் வந்ததால் பெட்டிக்கென்று ஒரு ஜெனரேட்டர் வாசலில் கத்திக்கொண்டிருந்தது. கிட்டு அவரைச் சந்துக்கு அழைத்துப் போனான். காந்திமதியின் ஒரே தம்பி அவன், பல்லாவரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அப்பா அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"மாமா, கோச்சிக்காத. எரிச்சிடலாம்" என்றான் கிட்டு. "தாம்பரத்துல ஒரு மணி நேரம், முடிஞ்சிடும். மழையப் பாரு. அக்காவுக்குத் தண்ணின்னா எப்டின்னு உனக்கே தெரியும்."

"எரிக்கறதா? எம் பொண்டாட்டி எம் பக்கத்துல படுப்பா. எடம் வெச்சிருக்கேன் ரெண்டு பேருக்கும்."

"பம்ப்பு ஓடலன்னு நேத்து நீதான சொன்ன?"

"ஓட வெக்கறேன்."

உண்மையைச் சொல்லவேண்டும். பக்கத்தில் படுக்கவேண்டும் என்ற ஆசை நிஜம்தான். அதைவிட ஒரு பிடி அதிகமாக இன்னொன்று உள்ளே இருந்தது. ஊருக்கெல்லாம் காய்ந்த குழி கொடுத்தவன் பெண்டாட்டிக்குக் கொடுக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு போனான் என்று சபையில் நாலு பேர் பேசுவார்களே, அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கிட்டு அதற்குமேல் வாதாடவில்லை. வாடகைக்குப் பம்ப் தேடி இரண்டு பேருமாகப் போன் போட்டார்கள். மேடவாக்கத்திலிருந்து சிட்லபாக்கம்வரை இருக்கிற பம்ப்பெல்லாம் அடுக்குமாடிகளின் பேஸ்மெண்ட்டில் கார்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். ஏசுபாதம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் பாதி தண்ணீரில், மீதி பூட்டு. ஆனால் வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. உலகமே மூழ்கினாலும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பத்துப் பேராவது பழைய சாமானை விரித்திருப்பார்கள். கிட்டுதான் ஆட்டோவில் கொண்டுபோனான். எரிக்கவேண்டும் என்று சொன்னவன், புதைப்பதற்கான சாமானைத் தேடி முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டினான். மூன்றாவது தார்ப்பாயில் ஒரு டப்பா நிறைய சீல்கள். கழற்றிவந்த பழைய சீலின் முகத்தில் இருந்த எண்களை ஏசுபாதம் சொன்னார்: இருபத்தைந்து, நாற்பத்தொன்று, ஆறு. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒன்றே ஒன்றை எடுத்தார். புதுசு, உறைகூடப் பிரிக்கவில்லை.

"இன்னொண்ணு கீதா?"

"இதுவே உன் அதிர்ஷ்டம்ண்ணா."

பதினோரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார். வெளியே ஜெயவேலு குழியில் இறங்கியிருந்தான். அவளுக்கு நானே வெட்டுவேன் என்று காலையில் சொன்னவரைப் பாஸ்டர் ஜேசன்தான் தடுத்திருந்தார். "வேண்டாம் ஐயா, நீங்க பம்ப்பைப் பாருங்க, அது போதும்" என்றார்.

முன்மூடியைக் கழற்றினார். தண்ணீரை அள்ளி வீசும் விசிறி மரையில் இறுகிக் கிடந்தது. மரக்கட்டையை வைத்துத் தட்டித் திருகி எடுத்தார். அடுத்த மூடியின் நாலு போல்ட்டைக் கழற்றியதும் பழைய சீல் தெரிந்தது. உதடு பிய்ந்து, வெற்றிலை மென்ற வாய் மாதிரி இருந்தது. அதில் ஒரு ஸ்குரூவை ஏற்றி, ஸ்குரூவைக் குறடால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. உட்கார்கிற பள்ளத்தைத் துணியால் துடைத்தார், விரலால் தடவிப் பார்த்தார், கீறல் இல்லை. புதுச் சீலின் உதட்டில் ஆயிலைத் தடவினார். இதுவரை கை ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

இனிமேல்தான் கவனம். தண்டின் முனை வழவழப்பாக இருக்காது. விசிறியைத் திருகுவதற்காக மரை வெட்டியிருக்கும், மரையின் விளிம்பு பிளேடு. சீலை அப்படியே தள்ளினால் உதடு அறுபடும். அதனால் ஒரு பால் கவரைக் கத்தரித்து மரைமேல் சுற்றி, அதன்மேல் சீலை வழுக்கிக் கொண்டுபோய் உள்ளே விட்டபிறகு கவரை உருவிவிடவேண்டும். ஏசுபாதம் கவரைக் கழுவி, கத்தரித்து, முழங்கால்மேல் வைத்திருந்தார்.

போன் அடித்தது. கிட்டு.

"மாமா, குளிப்பாட்டிட்டாங்க. எந்தப் பொடவ கட்றதுன்னு கேக்கறாங்க. பீரோவுல ரெண்டு பட்டு கீது."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். சீல் இடது கையில். "எந்தெந்தக் கலரு?"

"ஒண்ணு அரக்கு. ஒண்ணு மயில் கழுத்து."

மயில் கழுத்து அவர் வாங்கிக் கொடுத்தது. அரக்கு அவள் அம்மாவுடையது. எது என்று தெரியவில்லை. இருபது வருஷத்தில் அவள் எதை ஆசையாகக் கட்டினாள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது, சீக்கிரம் சொல்லச் சொல்லு, ஒடம்பு விறைச்சிக் கெடக்குது, கட்ட நேரமாவும் என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அரக்கு" என்றார். "அவங்கம்மாது."

போனை வைத்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். கையில் சீல் இருந்தது, எதிரே தண்டு இருந்தது, தள்ளிவிட்டார். பாதி போனபோது கட்டைவிரலுக்கடியில் ஒரு சின்ன இழுப்பு. நூல் அறுவது மாதிரி. அவ்வளவுதான். முழங்கால்மேல் பால் கவர் அப்படியே இருந்தது.

வெளியே எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்த்து என்ன செய்வது? வேறு சீல் இல்லை. எடுக்கிறபோது மிச்சமுள்ள உதடும் போய்விடும். ஒன்றும் ஆகியிருக்காது, ரப்பர்தானே, லேசாக உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செத்தவர் வீட்டாரைப் பார்த்துப் பதறாத காரியம் சிதறாது என்று புத்தி சொல்கிற மனுஷர் அவர். குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி சீலை உட்கார வைத்தார், மூடிகளை மாட்டினார், ஆயில் ஊற்றினார், கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டரைக்குக் குழிக்குள் இடுப்பளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஒன்றரைக்குத் தரை தெரிந்தது. கறுப்புக் களிமண், துடைத்துவிட்ட மாதிரி. ஏசுபாதம் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து பார்த்தார், முதல்முறையாக அழுதார். இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் அழுதார்.

கிளம்பும்போது ஜெயவேலு கேட்டான். "அண்ணா, ஆயில் எதுனா நடுவுல பாக்கணுமா?"

இந்த இடத்தில்தான் அவர் சொல்லியிருக்கவேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார், குறைந்தால் ஊற்று, கேன் அங்கே இருக்கிறது. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால், கவர் சுற்றாமல் தள்ளினேன் என்று சொல்லவேண்டும். பதினைந்து வருஷமாகத் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம் அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஒண்ணியும் பாக்க வேணாம். புது சீலு" என்றார்.

வீட்டில் மூன்று மணிக்கு ஆராதனை. ஐஸ் பெட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். அரக்குப் புடவையில் அவள் யாரோ மாதிரி இருந்தாள். பாஸ்டர் ஜேசன் நன்றாகத்தான் பேசினார், ஒரு வார்த்தை ஏசுபாதத்தின் காதில் ஏறவில்லை. கட்டைவிரல் அந்த இழுப்பையே நினைத்துக்கொண்டிருந்தது. போன் சட்டைப்பையில் இருந்தது. ஜெயவேலுவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் போதும். எல்லோரும் எழுந்து ஜெபத்துக்கு நின்றார்கள். பெண்டாட்டியின் தலைமாட்டில் நின்று போன் பேசினால் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. ஜெபம் முடிந்ததும் பேசலாம் என்று நினைத்தார். முடிந்ததும் முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள், பெட்டியை மூடினார்கள், தூக்கினார்கள்.

தோட்டத்து வாசலில் வண்டி நின்றபோது மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஏசுபாதத்துக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

ஜெயவேலு சேறு அப்பிய முகத்தோடு ஓடிவந்தான். "அண்ணா, முக்கா மணி நேரம் ஆவுது. திடீர்னு ஒரு மாதிரி கத்திச்சு, நின்னுடுச்சு. கயிறு இழுத்தா வரவே இல்ல. உனக்கு எத்தினி வாட்டி போன் அடிச்சேன், நீ எடுக்கல."

அடித்திருக்கிறான். ஆராதனைக்காக அவரே போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார்.

"ஆயில் பாத்தியா?"

"நீதானண்ணா வேணாம்னு சொன்ன."

பம்ப்பைச் சுற்றி மழைத்தண்ணீரில் ஆயில் வண்ண வண்ணமாகப் பரவியிருந்தது. குழியில் தண்ணீர் தொடைக்குமேல். வந்தவர்களில் நாலைந்து பேர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வாளிவாளியாக இறைத்தார்கள். பத்து நிமிஷம் இறைத்ததில் ஒரு சாண் குறைந்தது. நிறுத்தி மூச்சு வாங்கியதும் ஏறிக்கொண்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள், யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கிட்டு பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். "மாமா, வண்டி இங்கதான் கீது. இன்னும் நேரம் கீது. தாம்பரத்துக்குப் போயிடலாம், நா போன் பண்ணிச் சொல்றேன்" என்றான். கெஞ்சினான். "எங்கக்கா மாமா."

"நீங்க எப்படிச் சொன்னாலும் சரிங்க ஐயா" என்றார் பாஸ்டர். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. சபையிலயும் நான் பேசிக்கறேன்."

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவள் கேட்டது என்ன, அவர் கொடுத்த வாக்கு என்ன, அதைக் காப்பாற்ற வழி எது, மூன்றும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வண்டியைத் திருப்பு என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் கிட்டுவே கொண்டுபோயிருப்பான். ஆனால் அறுபது எழுபது பேர் குடையோடு நின்றார்கள். அதில் பாதிப் பேர் வீட்டுப் பெட்டிகளை இதே கையால் இறக்கியவர் அவர்.

"எறக்குங்க" என்றார்.

கயிற்றில் இறக்கினார்கள். தண்ணீரைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. பெட்டி மிதந்தது. மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, அவள் தலை இருந்த பக்கம் குழியின் சுவரில் இடித்தது. பெண்கள் பக்கம் ஒரு ஓலம் எழுந்தது. ஜெயவேலு கயிற்றை இழுத்து நேராக்கப் பார்த்தான், மறுபடி போய் இடித்தது.

ஏசுபாதம் செருப்பைக் கழற்றினார். குழிக்குள் இறங்கினார். மற்ற கல்லறைகளில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். பெட்டியின்மேல் ஏறி நின்றார்.

ஒருவர் பாரம் போதவில்லை. கால் பக்கம் அழுந்தியது, தலைப்பக்கம் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. அவர் தலைப்பக்கம் நகர்ந்தால் கால் பக்கம் எழுந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது. குனிந்த தலையோடு அந்த ஆட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கிட்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான், அக்காவின் தலை இருந்த பக்கம் ஏறி நின்றான். விழாமல் இருக்க இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பலகை இடுக்குகளில் தண்ணீர் ஏறியது, காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. ஏசுபாதத்துக்கு அவமானமாக இருந்தது. அவமானம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. தன் கர்வத்துக்காக அவளை மறுபடி அந்த ஜன்னல் கம்பிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டோம் என்று இருந்தது.

பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் இருவருக்கும் முழங்கால்வரை நின்றது. இறங்கினால் மறுபடி எழும்பும். மேலே மண்ணின் பாரம் ஏறும்வரை நின்றுதான் ஆகவேண்டும்.

"போடுடா" என்றார் ஏசுபாதம்.

"உங்க மேலயா? எப்டிண்ணா?" என்றான் ஜெயவேலு. அழுதுகொண்டிருந்தான்.

"எங்களப் பாக்காத. ரெண்டு பக்கமும் போடு. போடு."

முதல் கூடை மண் தண்ணீரில் விழுந்து அவர்கள் முகத்தில் தெறித்தது. இரண்டாவது, மூன்றாவது. சேறு கால்களைச் சுற்றி ஏறத் தொடங்கியது. மேலே பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்திருந்தார். கிட்டுவின் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"மாமா" என்றான், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. அந்தச் சீலு சரியில்லன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மாட்டும்போதே. நீ பொடவைக்குப் போன் பண்ண இல்ல, அப்ப அறுத்துட்டேன்." அவன் முகம் மாறுவதைப் பார்த்து அவசரமாகச் சொன்னார், "உன் மேல தப்பில்ல. கை என்னுது. ஜெயவேலுவாண்டயும் சொல்லல. உங்கிட்டயும் சொல்லல. தெரிஞ்சேதான் எறக்கச் சொன்னேன்."

கிட்டுவின் விரல்கள் அவர் தோளில் இறுகின. அவரைத் தள்ளிவிட்டு ஏறிப் போக அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவன் காலை எடுத்தால் அக்காவின் தலைப்பக்கம் மேலே வரும்.

அவன் காலை எடுக்கவில்லை. அவர் தோளையும் விடவில்லை. ஜெயவேலு அடுத்த கூடையைக் கொட்டினான்.